ஐஸ் வண்டியின் தும்பிக்கை

போன மாதம் ஸ்கூட்டருக்கு வலப்பக்கக் கண்ணாடி வாங்கப் பூந்தமல்லியில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கண்ணாடியை எடுக்க உள்ளே போன நேரத்தில், கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒன்று கண்ணில் பட்டது. பளபளவென்று முலாம் பூசிய வளைந்த குழாய். ஒரு நுனியில் சிவப்பாகக் கூம்பு மாதிரி ஃபில்டர், மறு நுனியில் கறுப்பு ரப்பர் ஓஸ். திரும்பி வந்தவர் நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"பழைய கார்ப்பரேட்டர் வண்டிக்கு மேடம். இஞ்சின் சூட்டுக் காத்த இழுக்காம, வெளிய இருந்து ஜில்லுனு இழுக்கும். இன்னா வண்டி வெச்சிகினு கீறீங்க?"

கையில் எடுத்தும் கொடுத்துவிட்டார். ஓஸை மூக்கருகே கொண்டுபோனேன். வாங்குகிறவர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை போலிருக்கிறது. அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். புது ரப்பர் வாசனைதான். அதற்கு அடியில் நனைந்த உமியின் வாசனை வரும் என்று எதிர்பார்த்தது என் மூக்கின் குற்றம்.

எனக்கு இது புதிய பொருள் இல்லை. திருமழிசைத் தொழிற்பேட்டையில், இஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய்கள் செய்கிற ஒரு கம்பெனியில்தான் வேலை செய்கிறேன். சோதனைப் பிரிவு. என்னென்ன சோதிக்க வேண்டும், எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று பட்டியல் எழுதுவது என் வேலை. சின்ன வயதிலிருந்தே பட்டியல் போடுகிற வியாதி எனக்கு உண்டு. அதற்குச் சம்பளமும் கொடுப்பார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

எங்கள் நைனா ஐஸ் வண்டி ஓட்டினார். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அயனம்பாக்கம் ஏரிக்குக் கீழே இருந்த எங்கள் நிலம் மனைகளாகிப் போனபிறகு, பங்காகக் கிடைத்ததில் அவர் வாங்கியது ஒரு பழைய பெட்ரோல் பிக்கப். பாதி கார், பாதி லாரி என்று சொல்லலாம்: முன்னால் காரின் மூஞ்சி, பின்னால் தகரத் தொட்டி. அம்பத்தூரில் ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. அங்கிருந்து ஆள் உயரத்துக்கு நீண்ட ஐஸ் பார்களை ஏற்றி, உமியைக் கொட்டி, கோணிப்பை போர்த்தி, மீன் கடை, ஜூஸ் கடை, கல்யாண மண்டபம் என்று போட்டுக்கொண்டு வருவார். சாவு வீட்டுக்கும்.

இப்போது படிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டி எல்லாத் தெருவுக்கும் வந்து சேர்வதற்கு முன்னால், தூரத்து ஊரிலிருந்து பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை உடலை ஐஸ்தான் காப்பாற்றியது. கட்டிலுக்கு அடியிலும் பக்கவாட்டிலும் பார்களை உடைத்து அடுக்குவார்கள். ஐஸ் கம்பெனி வாசலில் எத்தனை வண்டி வரிசையில் நின்றாலும் சரி, "எழவு ஐஸ்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். ஒருவரும் எந்த ஊர், யார் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

நைனாவோடு காசி மாமா இருந்தார். எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். நிலம் போனதும் வேப்பம்பட்டுக்குக் குடிபோய், தினமும் காலை ரயிலில் வந்து எங்கள் வண்டியில் லோடு ஏற்றினார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவது எங்கள் சொந்தக்காரர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அவர் வேறு என்னவாக இருந்தார் என்று அவர்களும் சொல்லவில்லை. அவருடைய மகள் செல்வி என் வயதுக்காரி. லீவு நாட்களில் நாங்கள் இருவரும் தொட்டியில் கோணிமேல் உட்கார்ந்து போவோம். கொக்கியால் குத்தும்போது தெறிக்கும் சில்லுகளை எடுத்து உமியை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொள்வோம். எவ்வளவு ஊதினாலும் ஒரு உமியாவது நாக்கில் ஒட்டும்.

இவ்வளவு குளிரைச் சுமந்த வண்டிக்கு, சூடு தாங்காது. சித்திரை, வைகாசியில் பத்து மணிக்குமேல் ஆவடி ரோட்டில் இருமத் தொடங்கிவிடும். காரணம் பானெட்டுக்குள் இருந்தது. கார்ப்பரேட்டர் மேல் முறுக்கு டப்பா மாதிரி வட்டமாக ஒரு ஏர் ஃபில்டர், அதிலிருந்து குட்டையாக ஒரு மூக்கு. அந்த மூக்கு புகைக்குழாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. குளிர் தேசத்துக்காக யாரோ வரைந்த வடிவம்; அங்கே சூடான காற்று இஞ்சினுக்கு இதம். ஆவடியில் அது வெந்த காற்றையே மறுபடி மறுபடி குடித்தது. சூடான காற்று மெலிந்த காற்று. பெட்ரோல் அதே அளவு இறங்கும். அதோடு சேர்ந்து எரியக் காற்று போதாது. நைனாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. "மூச்சு முட்டுது அதுக்கு" என்பார். காசி மாமா இறங்கி ஒரு துண்டு ஐஸை உடைத்துத் துணியில் சுற்றி இஞ்சினோடு இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் வைப்பார்.

"ஊருக்கெல்லாம் ஐஸ் குடுக்குது, அதுக்கு ஜொரம் வந்தா நாமதான் பத்து போடணும். நாய் பொழப்பு அண்ணாத்தே, இந்த வண்டி பொழப்பு."

நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் சேர்ந்தேன். மூன்றாவது செமஸ்டர் படிக்கும்போது உலகத்தில் உள்ள எல்லா இஞ்சினும் என் கைக்குக் காத்திருப்பதாக ஒரு எண்ணம். எங்கள் வீட்டுப் பின்புறம், பம்புசெட் காலத்துப் பச்சை நிறச் சுருள் ஓஸ் ஒன்று பாம்பு மாதிரி கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் இழுத்த ஓஸ். கிணறு இப்போது யாரோ ஒருவரின் வரவேற்பறைக்குக் கீழே இருக்கிறது. அதில் மூன்றடி வெட்டி, ஃபில்டரின் மூக்கில் ஒரு பால் பவுடர் டின்னைக் கழுத்தாக வைத்து மாட்டி, மறு நுனியை முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினேன். வண்டி ஓட ஓட எதிர்க்காற்று நேராக உள்ளே போகும்.

முதல் நாள் காசி மாமா பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

"இன்னாமா இது, தும்பிக்கை வெச்சிட்ட? அண்ணாத்தே, இனிமே இது புள்ளையார் வண்டி. தேங்கா ஒடைச்சிட்டுதான் எடுக்கணும்."

"சிரிக்காதடா. ஓடுதா இல்லியா பாரு" என்றார் நைனா.

ஓடியது. உச்சி வெயிலில் பூந்தமல்லி போய்த் திரும்பியும் இருமவில்லை. அன்றிலிருந்து காசி மாமாவுக்கு நான் 'இஞ்சினியரம்மா'. ஐஸ் கம்பெனி வாசலில் மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். "எங்க இஞ்சினியரம்மா வெச்ச தும்பிக்கை. ஒனுக்கு வோணும்னா கேளு, சொல்லி உடறேன்." நான் கீழே பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளுக்குள் யானை மேல் இருப்பேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இந்த வாக்கியத்தை என் நோட்டில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது: காற்று குளிர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதானே? நம் வண்டிக்குப் பின்னால் முழுக்க ஐஸ் இருக்கிறதே. வேறு எந்த வண்டிக்கு இந்த வசதி உண்டு? பச்சை ஓஸில் மீதி இருந்ததை இணைத்து, கேபினுக்கு அடியில் கொண்டுபோய், தொட்டியின் முன்பலகையில் ஒரு சாண் உயரத்தில் வாயைக் கட்டினேன். உமி போகாமல் இருக்கக் கொசுவலைத் துணியை இரண்டாக மடித்து, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கினேன். குழாய் நீள நீள இஞ்சினுக்கு இழுப்பது கஷ்டம் என்பது நாலாவது செமஸ்டர் பாடம். அதை நான் இன்னும் படிக்கவில்லை. ஆனாலும் வண்டி ஓடியது. பார்கள் தொட்டி நிறைய நெருக்கி அடுக்கியிருந்ததால் எதுவும் அசையவில்லை. உருகிய தண்ணீர் பின்கதவு வழியாகச் சொட்டிக்கொண்டே போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாகவே ஓடியது.

பிறகு ஒரு வைகாசிக் காலையில் காசி மாமாவிடமிருந்து போன் வந்தது. அவர் மனைவி இறந்துவிட்டார். மஞ்சள் காமாலை, இரண்டு வாரமாகப் படுத்திருந்தவர். செல்வி அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தாள். விஷயம் கேட்டதும் பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்குத்தான் வந்து சேர முடியும். அவர்கள் தெருவில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அம்மாவின் முகத்தை வீட்டில் பார்த்தால்தான் உண்டு.

நைனா போனில் சொன்னது எனக்குக் கேட்டது. "நீ ஒண்ணியும் பாக்காத காசி. ஐஸோட நான் வர்றேன். புள்ள வர்ற வரிக்கும் தாங்கும்."

எனக்குக் கல்லூரி லீவு. நானும் ஏறிக்கொண்டேன். ஐஸ் கம்பெனி வாசலில் நைனா குரல் கொடுத்தார், வண்டிகள் ஒதுங்கின. இரண்டே இரண்டு பார், ஒரு மூட்டை உமி, மேலே கோணி. ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பத்து மணிக்கெல்லாம் வேப்பம்பட்டில் இருந்திருக்க வேண்டும்.

பட்டாபிராம் தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வந்தது. நைனா பிரேக் போட்டார். பின்னால் தொட்டியில் 'தொம்' என்று ஒரு சத்தம். இரண்டு பர்லாங் போவதற்குள் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். நிழலே இல்லை. ரயில் பாதைப் பக்கம் ஒரு கருவேல மரம் இருந்தது. அதன் நிழல் அதற்கே போதாது.

"நவுருங்க நைனா, நான் பாக்குறேன்" என்றேன்.

பழுது பார்க்கும் பட்டியல் என் நோட்டில் இருந்தது. நானே எழுதியது, ஏழு வரி. பெட்ரோல் இருக்கிறதா, பம்ப் சூடா, பெட்ரோல் குழாயில் அடைப்பா, பிளக், பாயின்ட், பேட்டரி ஒயர். ஏழாவது வரி, காற்று. காற்று ஏன் கடைசியில் இருந்தது? ஏனென்றால் அது நான் கட்டியது. அதில் கோளாறு வராது.

ஒன்றிலிருந்து தொடங்கினேன். பம்ப் மேல் ஐஸ் வைத்து ஆறும்வரை காத்திருந்தேன். குழாயைக் கழற்றி ஊதினேன். மணி பத்தானதும் காசி மாமாவுக்கு நானே போன் செய்தேன். "வந்துகினே கீறோம் மாமா. பத்து நிமிஷம்."

"வாம்மா. பொறுமையா வா" என்றார் அவர். பின்னால் பறை அடிக்கும் சத்தம் கேட்டது.

நாலாவது வரி, பிளக். கழற்றினேன். கறுப்பாக, பெட்ரோலில் நனைந்து இருந்தது. இன்றைக்கு என்னிடம் பயிற்சிக்கு வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்தக் கறுப்புக்கு அர்த்தம் காற்று போகவில்லை என்பது. பிளக் கத்திச் சொன்னது. நான் அதைப் பாவாடை நுனியால் துடைத்து மறுபடி மாட்டிவிட்டு ஐந்தாவது வரிக்குப் போனேன்.

நைனா ஒரு முறை சொன்னார்: "பாப்பா, ஒரு ஆட்டோவ நிறுத்தி பார ஏத்தி வுட்டுரட்டா?"

"பத்து நிமிஷம் நைனா."

அவர் நம்பினார். பதினோரு மணிக்கும் போன் செய்தேன், பன்னிரண்டுக்கும் செய்தேன். அதே பத்து நிமிஷம்தான். வரமுடியாது என்று சொல்லியிருந்தால் திருநின்றவூர் மீன் கடையிலாவது போய் ஐஸ் வாங்கியிருப்பார்கள். மூன்று முறை நான் போன் செய்ததால்தான் அவர்கள் வேறெங்கும் போகவில்லை. தொட்டியின் பின்கதவிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சாலையில் ஒரு கோடாக ஓடியது. அதை நான் பார்க்காமல் இருக்க முயன்றது நினைவிருக்கிறது.

ஏழாவது வரிக்கு வந்தபோது மணி ஒன்றேகால். ஓஸைக் கழற்றிச் சாய்த்தேன். கஞ்சி மாதிரி உமியும் தண்ணீரும் கொழகொழவென்று என் கையில் இறங்கின. பிரேக் போட்டபோது இரண்டு பாரும் சறுக்கி வந்து முன்பலகையில் மோதி, கொசுவலையைக் கிழித்திருக்கின்றன. தொட்டி நிறைந்திருந்தால் சறுக்கியிருக்காது. ஓஸ், பழைய பழக்கத்தில், தண்ணீரை இழுத்திருக்கிறது.

கார்ப்பரேட்டரைத் துடைத்து, ஓஸ் இல்லாமல் சாவியைத் திருப்பினோம். கொஞ்சம் செருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. நைனா வெளியே கழற்றிப் போட்ட ஓஸை எடுத்து உதறி, சீட்டுக்குப் பின்னால் வைத்தார்.

நாங்கள் போனபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். நைனா டிரைவர், பாரைத் தூக்கவே மாட்டார். அன்று இறங்கி, தேய்ந்துபோன ஐஸ் பாரைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார். உள்ளே ஒரு பெரியவர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இனிமே இன்னாத்துக்குப்பா? காமால ஒடம்பு. தகரக் கூரை. இதுக்கு மேல தாங்காது."

காசி மாமா எழுந்து வந்தார். "செல்வி விழுப்புரம் தாண்டிக்கிறாளாம் அண்ணாத்தே" என்றார். நைனா தோளில் இருந்த ஐஸை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றார். சட்டை முழுக்க நனைந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு எடுத்துவிட்டார்கள்.

செல்வி ஐந்தரைக்கு வந்தாள். ஸ்டேஷனிலிருந்து அவர்கள் தெருவுக்கு வருகிற வழியும் சுடுகாட்டுக்குப் போகிற வழியும் பாதி தூரம் ஒன்றுதான். வழி நெடுக ஊர்வலத்தில் உதிர்த்த பூ கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பூவை மிதிக்காமல் சாலை ஓரமாகவே நடந்து வந்தாள். வாசலில் கழுவிவிட்ட தண்ணீர் இன்னும் காயவில்லை.

"எப்ப எடுத்தீங்க?"

யாரோ சொன்னார்கள்.

"ஐஸ் வெக்கலியா?"

நைனா முன்னால் போனார். "வண்டி மக்கர் பண்ணிச்சு கண்ணு. கார்ப்பரேட்டர்ல அழுக்கு. நாந்தான் பாத்து வெச்சிருக்கணும். என் தப்புதான்." நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். என் நகக்கண்ணில் உமி இருந்தது.

மறுநாள் காலையில் எழுந்து வந்தபோது நைனா பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். ஓஸை மூன்றடிக்கு வெட்டி, பழையபடி முன்பக்கக் கம்பி வலையில் கட்டிக்கொண்டிருந்தார். "முன்ன வெச்சியே, அது நல்லாத்தான் இருந்துச்சு. தூக்கிப் போட வேணாம்" என்றார். திட்டியிருக்கலாம். திட்டு ஒரு நாளில் முடிந்துவிடும்.

காரியம் எல்லாம் முடிந்து காசி மாமா வேலைக்கு வந்தார். பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றும்போது ஓஸைப் பார்த்தார். பிறகு தொட்டிப் பக்கம் போய், முன்பலகையில் ஓஸ் கட்டியிருந்த இடத்தில் இருந்த வெற்று ஆணியைப் பார்த்தார். அதில் கொசுவலையின் கிழிசல் ஒன்று ஒட்டியிருந்தது. உமி காய்ந்து கெட்டியாகியிருந்தது.

"தும்பிக்கைய மாத்திட்டீங்களா அண்ணாத்தே?"

"ஆமாண்டா. பின்னாடி ஒத்துவரல."

காசி மாமா கிழிசலைப் பிய்த்து எடுத்தார். கொஞ்ச நேரம் விரலில் வைத்து உருட்டினார். "சரி, ஏத்தலாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த வண்டியைப் புள்ளையார் வண்டி என்று சொல்லவே இல்லை. என்னைப் பழையபடி பாப்பா என்றே கூப்பிட்டார், அதே அன்போடுதான். இஞ்சினியரம்மா மட்டும் போய்விட்டாள். ஏழெட்டு வருஷம் கழித்து அவரும் போய்ச்சேர்ந்தார். எனக்குத் தெரிந்து அந்த ஓஸைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

செல்வியிடம் சொல்லவேண்டியதை நான் பட்டியலாக எழுதி வைத்திருந்தேன். ஓஸ். கொசுவலை. ஏழாவது வரி. மூன்று போன். ஆட்டோ. நைனா சொன்னது பொய் என்பது.

நைனா இறந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். அரைமணி நேரத்தில் ஃப்ரீசர் பெட்டி வந்துவிட்டது. சுவரில் இருந்த பிளக்கில் சொருகினார்கள். சன்னமாக உறுமிக்கொண்டு அது தன் வேலையைப் பார்த்தது. யாருக்கும் அவசரம் இல்லை. மறுநாள்தான் எடுப்பதாக முடிவு செய்தார்கள். செல்வி திருப்பூரிலிருந்து மறுநாள் காலையில் வந்தாள். இப்போது அங்கேயே குடும்பம், நரை தெரிந்தது. செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். பெட்டியின் கண்ணாடி மேல் படிந்த பனியைப் புறங்கையால் துடைத்து, நைனாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ் ஸ்டாண்டுல இருந்து ரோட்ட பாத்துகினே வந்தேன். எங்கியும் பூ இல்ல. அப்பதான் எனுக்கு மூச்சே வந்துச்சு" என்றாள்.

என் பட்டியலில் முதல் வரிகூட வாயில் வரவில்லை. நைனா என் பொருட்டுச் சொன்ன பொய்யை, அவர் இன்னும் வீட்டில் இருக்கும்போதே, எப்படி எடுப்பது? மத்தியானம் எடுத்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற முறைப்படி, செல்வி சொல்லாமலே கிளம்பிப் போனாள். நானும் சொல்லவில்லை.

ஐஸ் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வந்துவிட்டது. வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் எடுத்துக்கொண்டார்கள். பச்சை ஓஸின் கடைசித் துண்டு, ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் நின்ற மழையில் மறுபடி தண்ணீர் இழுக்கப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் போனார், திரும்பி வரவில்லை. எங்கள் கம்பெனியில் நான் எழுதும் எல்லாப் பட்டியலிலும் முதல் வரி ஒன்றுதான்: 'கடைசியாக நீங்கள் கைவைத்தது எது?' புதிதாக வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். நல்ல வரி என்று மேலாளர் பாராட்டியிருக்கிறார்.

"இன்னா வண்டி மேடம்?" என்று கடைக்காரர் மறுபடி கேட்டார்.

"ஐஸ் வண்டி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "ஐஸ்கிரீம் வண்டியா?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, குழாயை ஆணியில் நானே மாட்டினேன். எழவு ஐஸ் என்று ஒரு குரல் கேட்டு ஒதுங்கி வழிவிட்டவர்கள் யாராவது அந்தத் தெருவில் இன்னும் இருக்கிறார்களா என்று, கண்ணாடியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.